பத்து ராகமும் ஒரு வெள்ளிப் பெட்டியும்

1982-இல் எச்.எம்.வி. கம்பெனி பம்பாயிலிருந்து ஓர் இசைத்தட்டு போட்டது. அதில் பாடகர் இல்லை, பாட்டு வரி இல்லை, தபலாவும் இல்லை. சரண்ஜித் சிங் என்ற ஒரே ஆள், மூன்று ஜப்பான் மின்னணுக் கருவிகளை முன்னால் வைத்துக்கொண்டு, பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்திருந்தார். தட்டின் பெயர் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. அது விற்கவில்லை. டிஸ்கோ கேட்டவர்களுக்கு அதில் பாட்டு இல்லை. ராகம் கேட்டவர்களுக்கு அது ராகமாகவே படவில்லை. கடைகளில் கொஞ்ச காலம் கிடந்துவிட்டுத் தட்டு காணாமல் போனது.

28 ஆண்டுகள் கழித்து, 2010-இல், நெதர்லாந்தைச் சேர்ந்த 'பாம்பே கனெக்‌ஷன்' என்ற குட்டிக் கம்பெனி அதையே மறுபடி வெளியிட்டது. அப்புறம்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. இது நிஜமாகவே 1982-இல் வாசித்ததா, இல்லை இப்போது யாரோ செய்துவிட்டுப் பழைய தேதி போட்டிருக்கிறார்களா என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். அத்தனை புதிதாக ஒலித்தது.

ஆரணியில் ஜக்கார்டு தறிக்கு அட்டை குத்துகிறவனுக்கு இந்தக் கதையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. அந்த வெள்ளி நிறப் பெட்டிக்குள் நடப்பது என்ன என்று என் அக்கா மகன் சென்னையிலிருந்து வந்தபோது படம் போட்டுக் காட்டினான். பார்த்ததும், "டேய், இது எங்க தொழில்டா" என்றேன்.

அட்டையும் துளையும்

முதலில் எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பட்டுப் புடவையின் கரையிலும் முந்தியிலும் வருகிற மயில், மாங்காய், அன்னம் எல்லாம் முதலில் கட்டம் போட்ட தாளில்தான் பிறக்கின்றன. ஒரு கட்டம் ஓர் இழை. தாளில் ஒரு வரி என்றால் தறியில் ஒரு ஊடை. அந்த ஒரு வரிக்கு ஒரு அட்டை. எந்தப் பாவு இழை மேலே எழ வேண்டுமோ அந்த இடத்தில் அட்டையில் துளை போடுவோம். எழக்கூடாத இடத்தில் துளை கிடையாது. அப்படிக் குத்திய அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்துத் தறியின் தலைமேல் இருக்கிற பெட்டியில் மாட்டினால், நெசவாளர் மிதியை ஒருமுறை அழுத்தும்போது ஒரு அட்டை நகரும். துளை இருக்கிற இடத்துக் கொக்கி மட்டும் இழையைத் தூக்கும். கடைசி அட்டை முடிந்ததும் முதல் அட்டை திரும்பி வரும். மயிலுக்குப் பக்கத்தில் இன்னொரு மயில் இப்படித்தான் வருகிறது. பிரான்சில் லியோன் நகரத்துக்காரரான ஜோசஃப் மாரி ஜக்கார்டு 1804-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவர் பெயரைத் தினம் ஒருமுறையாவது சொல்லாத தறிக்காரர் எங்கள் பக்கம் இல்லை.

இப்போது சரண்ஜித் சிங்கின் பெட்டிகளுக்கு வருகிறேன். மூன்றும் ரோலண்டு கம்பெனி செய்தவை. ஒன்று, டி.ஆர்.-808 என்ற தாளப் பெட்டி. அதன் அடியில் ஒரே வரிசையில் 16 பொத்தான்கள். ஒரு சுற்றுக்கு 16 அடி என்று கணக்கு. எந்த அடியில் டிரம் விழ வேண்டுமோ அந்தப் பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும். அமுக்காத இடத்தில் மௌனம். பதினாறும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். என் கண்ணுக்கு இது ஒரே ஒரு அட்டை: எரிகிற விளக்கு துளை, எரியாத விளக்கு மூடின இடம்.

இரண்டாவது, டி.பி.-303. இதுதான் அந்த வெள்ளிப் பெட்டி. கிதார் வாசிப்பவர் வீட்டில் தனியாகப் பழகும்போது பக்கத்தில் பேஸ் கிதார்காரர் இல்லையே என்ற குறையைத் தீர்க்கச் செய்த கருவி. தடாவ் கிகுமோட்டோ என்ற பொறியாளர் வடிவமைத்தார். இதில் சுரத்தைத் தனியாக எழுத வேண்டும், அது விழும் காலத்தைத் தனியாக எழுத வேண்டும், அப்புறம் இரண்டையும் சேர்த்து ஓடவிட வேண்டும். வாங்கியவர்களுக்கு இது தலைவேதனையாக இருந்தது. ஒலியும் பேஸ் கிதார் மாதிரி இல்லை. சுமார் 10,000 பெட்டிகளோடு 1984-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் பழைய பொருள் கடைகளிலும் அடகுக் கடைகளிலும் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது.

மூன்றாவது, ஜூப்பிட்டர்-8. கட்டைகள் உள்ள சிந்தசைசர். மற்ற இரண்டும் எழுதிவைத்ததை வாசிக்கும். இதைக் கையால் வாசிக்க வேண்டும். தாளத்தையும் அடிநாதத்தையும் முதல் இரண்டு பெட்டிகளில் ஓடவிட்டு, ராகத்தை இந்தக் கட்டைகளில் சிங் வாசித்தார்.

ஆக, அட்டை ஒரு பக்கம், கை ஒரு பக்கம். எங்கள் தறியிலும் அப்படித்தான். ஒரே அட்டையை மாட்டி இரண்டு பேர் நெய்தால் இரண்டு புடவையும் ஒன்றுபோல வராது. ஒருவர் அடிக்கிற அடி அழுத்தம், இன்னொருவர் அடிப்பது இளக்கம். இயந்திரம் வாசித்தது என்று ஒரு இசையை ஒதுக்குகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். துளைகளை யார் போட்டது, ஓடும்போது யார் கை வைத்தது என்று பாருங்கள்.

ராகம் எங்கே இருக்கிறது?

தட்டில் உள்ள பத்து ராகங்கள்: பைரவி, லலித், பூபாலி, தோடி, மதுவந்தி, மேக் மல்ஹார், யமன், கலாவதி, மால்கௌன்ஸ், பைராகி. பெயர்கள் வடக்கத்தியவை என்றாலும் சுரங்கள் நமக்கு அந்நியமில்லை. பூபாலி நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். கலாவதி என்பது வலஜி. பைராகி என்பது ரேவதி. யமன் நம் கல்யாணிக்கு ரொம்ப நெருக்கம். அவர்களுடைய தோடி மட்டும் நம் தோடி அல்ல; அது நம் சுபபந்துவராளி.

எங்கள் தெருவில் மார்கழி பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்கிற வயதான நெசவாளர் ஒருவர் இருக்கிறார். அட்டை வாங்க வந்தவர், என் ஸ்பீக்கரில் இந்தத் தட்டு ஓடுவதைக் கேட்டு நின்றார்.

"என்னாப்பா இது, பாடறவனக் காணோம், வெறும் டப்பா அடிக்கிற சத்தமா ஓடுது?"

"பம்பாய்க்காரர் வாசிச்சதுண்ணே. ரெண்டு நிமிஷம் கேளுங்க."

கேட்டார். விரலால் தொடையில் தட்டினார். "ஹிந்தோளம்ப்பா இது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நிறுத்தி நிதானமா பிடிக்க மாட்றான். ஓடிக்கிட்டே பிடிக்கிறான்" என்றார்.

இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் கேட்டதில்லை. கச்சேரியில் ராகம் என்றால் முதலில் ஆலாபனை. தாளமே இல்லாமல் ஒவ்வொரு சுரமாகத் தொட்டு, நின்று, இழைத்து வருவது. இந்தத் தட்டில் அதற்குக் கிடைப்பது கொஞ்ச இடம்தான். சில நிமிடங்களுக்குள் ஒரு ராகம் முடிந்துவிடும். டிஸ்கோவின் அடி யாருக்காகவும் காத்திருக்காது. அது ஓடிக்கொண்டே இருக்க, மேலே விரல்கள் வேகமாகச் சுரங்களைக் கோத்துக்கொண்டு போகும். சங்கீதம் கற்றவர்கள் முகம் சுளிக்க இதில் காரணம் இருக்கிறது.

ஆனாலும் இது ராகம்தான் என்பதற்கு இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, வெள்ளிப் பெட்டியில் ஒரு வசதி உண்டு. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகச் செய்யலாம். வடக்கே இதை 'மீண்ட்' என்பார்கள், நம் பக்கம் ஜாரு. பியானோவில் இது வராது. ஆர்மோனியத்திலும் வராது. பேஸ் கிதாரைப் போலி செய்யக் கொடுத்த அந்த வழுக்கலை, கமகம் தெரிந்த ஒருவர் கமகமாகவே கேட்டிருக்கிறார். இரண்டு, ஐந்தே சுரம் உள்ள ராகங்கள் திரும்பத் திரும்ப வரும் சுற்றுக்கு நன்றாகப் பொருந்துகின்றன. சுற்று மாறாமல் ஓட, பெட்டியின் திருகுகளைத் திருப்பினால் ஒலி கூர்மையாகும், மழுங்கும், நீர் கொப்புளிக்கிற மாதிரி குழையும். சுரம் மாறாமல் நிறம் மட்டும் மாறிக்கொண்டே போகும்.

பரிசோதனை இசை என்று பெரிய பேச்சாகப் பேசுகிறார்களே, அதன் உட்பொருள் இவ்வளவுதான். ஒரு கருவியை அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு வெளியே கொண்டுபோய் என்ன வருகிறது என்று பார்ப்பது. பாப் என்பது ஆட வைக்க வேண்டும், மனதில் ஒட்ட வேண்டும். இரண்டும் ஒரே தட்டில் சேர்வது அபூர்வம்.

சிங் வானத்திலிருந்து குதித்தவர் அல்ல. ஆர்.டி. பர்மன் போன்ற இந்தி இசையமைப்பாளர்களிடம் கிதாரும் கீபோர்டும் வாசித்தவர். கல்யாண வீடுகளிலும் வாசித்தவர். 1980-இல் வந்த 'குர்பானி'க்குப் பிறகு பம்பாயில் எங்கு பார்த்தாலும் டிஸ்கோ. 1982-இல் 'டிஸ்கோ டான்சர்' வந்தது. தமிழில் அது 1985-இல் 'பாடும் வானம்பாடி'யாக எடுக்கப்பட்டது. எல்லோரும் டிஸ்கோ போடுகிறார்களே, நாம் வேறு மாதிரி போடுவோம் என்று அவர் நினைத்ததன் விளைவுதான் இந்தத் தட்டு.

அதே வெள்ளிப் பெட்டியை வைத்து அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் ஃப்யூச்சர் என்ற இளைஞர் குழு 1987-இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற தட்டை வெளியிட்டது. அதுவும் ஒரு சின்னக் கம்பெனியின் வெளியீடுதான். பெயர் டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ். அதிலிருந்து 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசை கிளம்பி இங்கிலாந்தையே ஆட்டியது. அதனால்தான் 2010-இல் சிங்கின் தட்டைக் கேட்டவர்கள், ஐந்து ஆண்டு முன்பே பம்பாயில் இந்த ஒலியா என்று வாய்பிளந்தார்கள். 'ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்த இந்தியர்' என்று தலைப்புப் போட்டுப் பெருமைப்படுவது நமக்குச் சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிகாகோக்காரர்கள் இவர் தட்டைக் கேட்டு அதைச் செய்யவில்லை. இவரும் அவர்களுக்காகச் செய்யவில்லை. ஒரே பெட்டி, இரண்டு ஊர், இரண்டு கை. அவரவர் வேலைக்கு அவரவர் பெயர் இருந்தால் போதும்.

குட்டிக் கம்பெனியின் வேலை

எடோ பௌமன் என்ற நெதர்லாந்துக்காரர், பழைய இந்தித் திரைப்படத் தட்டுகளைத் தேடி இந்தியா வருகிறவர். 2002-இல் டெல்லியில் ஒரு கடையில் சிங்கின் தட்டு அவர் கையில் கிடைத்தது. வீட்டில் வைத்துக்கொண்டு நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுவதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். வாசித்தவரைப் பம்பாயில் தேடிப் பிடித்துப் பேசினார். எட்டு ஆண்டு கழித்துத் தன் சொந்தக் கம்பெனியான 'பாம்பே கனெக்‌ஷனில்' அதை வெளியிட்டார். அதன் பிறகு சிங் எழுபது வயதில் அதே பழைய பெட்டிகளோடு ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார்.

இந்தச் சின்னக் கம்பெனிகள் எப்படி ஓடுகின்றன? இசைத்தட்டு அச்சடிப்பதில் செலவின் பெரும்பகுதி முதல் தட்டு வருவதற்கு முன்பே முடிந்துவிடும். ஒலியை ஒரு மெல்லிய பூச்சுத் தட்டில் வெட்டுவார்கள். அதிலிருந்து உலோக அச்சு எடுப்பார்கள். அந்த அச்சுதான் வினைல் தட்டுகளை அழுத்தி எடுக்கும். நூறு போட்டாலும் ஆயிரம் போட்டாலும் வெட்டுகிற செலவு ஒன்றே. நாங்களும் ஒரு புதுப் பூவுக்கு அட்டை குத்தினால், அதில் நெய்வது மூன்று புடவையா முப்பது புடவையா என்று கூலி பார்ப்பதில்லை. அதனால் புது டிசைன் என்றாலே முதலாளிகள் யோசிப்பார்கள். பெரிய இசைக் கம்பெனியும் அப்படித்தான். பத்தாயிரம் பேர் வாங்குவார்கள் என்று தெரியாமல் கை வைக்காது. சின்னக் கம்பெனிக்கு ஐந்நூறு பேர் போதும்.

ஐந்நூறு என்பது நான் சும்மா சொன்ன எண்ணில்லை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986-இல் தாயுடன் அகதியாக லண்டன் திரும்பிய மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., ரோலண்டு கம்பெனியின் எம்.சி.-505 என்ற பெட்டியில் பாட்டுக் கட்டப் பழகினார். 2003-இல் அவருடைய 'கலாங்' பாட்டை ஷோபிஸ் என்ற சின்னக் கம்பெனி வினைலில் அடித்தது 500 பிரதிதான். அது கைமாறிக் கைமாறி நடனக்கூடங்களுக்கும் இணையத்துக்கும் பரவிய பிறகு எக்ஸ்.எல். ரெக்கார்டிங்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. 2005-இல் தந்தையின் இயக்கப் பெயரில் 'அருளர்', 2007-இல் தாயின் பெயரில் 'கலா' என்று இரண்டு ஆல்பங்கள் வந்தன. இரண்டாவதற்காகச் சென்னை வந்து நம் ஊர் மேளக்காரர்களை வாசிக்கவைத்துப் பதிவு செய்துகொண்டு போனார். உலகம் முழுக்க ஒலித்த ஒரு தமிழ்ப் பெண்ணின் குரல், முதலில் 500 தட்டில் அடங்கியிருந்தது.

நம் வீட்டுச் சரக்கு

எங்கள் தலைமுறைக்கு மின்னணு ஒலி இளையராஜா வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. 1986-இல் 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' இரண்டும் வந்தபோது 'கம்ப்யூட்டர் மியூசிக்' என்று ஆரணிக் கடைத்தெருவிலும் பேச்சு. எக்கோ கம்பெனி கேசட் வாங்கக் காசில்லாதவர்கள் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்குவோம். தறிச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமென்று டேப் ரெக்கார்டரில் சத்தத்தை முழுசாக வைத்திருப்போம்.

இளையராஜா பாட்டுகளில் நாம் மெட்டைக் கேட்டோம், குரலைக் கேட்டோம். பின்னணியில் குழைந்த சிந்தசைசரை யாரும் தனியாகப் பேசவில்லை. பேசியது இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற சின்னக் கம்பெனி. ஆண்டி வோட்டலும் நண்பர்களும் 2005-இல் தொடங்கிய இது, 1977 முதல் 1983 வரையிலான இளையராஜா பாட்டுகளைப் பொறுக்கி எடுத்து 'சொல்லச் சொல்ல' என்று ஒரு தொகுப்பு போட்டது. கோலிவுட்டின் மின்னணு பாப் இசை என்பதுதான் அதற்கு அவர்கள் கொடுத்த அடையாளம். நாம் சினிமாப் பாட்டு என்று ஒரே கட்டில் கட்டிவைத்ததை அவர்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு கேளுங்கள். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டூடர் வந்து மூக் சிந்தசைசரோடு ஒரு ஸ்டுடியோ அமைத்தார். நம்மவர்கள் அதில் 1972 வரை செய்த ஒலிநாடாக்கள் அங்கேயே அலமாரியில் கிடந்தன. பால் பர்காஸ் என்ற லண்டன் கலைஞர் அவற்றைத் தேடி எடுத்தார்; 2023-இல் அவை தட்டாக வந்தன. வங்காளப் பாடகி ரூபா பிஸ்வாஸ் கனடாவில் பதிவு செய்து 1982-இல் கல்கத்தாவில் வெளியான 'டிஸ்கோ ஜாஸ்' தட்டும் விற்கவில்லை. பல ஆண்டு கழித்து அவர் மகன் வீட்டில் பழைய பிரதியைக் கண்டெடுத்தார். 2019-இல் சிகாகோவின் நியூமெரோ குரூப் என்ற சின்னக் கம்பெனி அதை முறையாக மறுவெளியீடு செய்தது.

சிங்கின் தட்டு, இந்த ஒலிநாடாக்கள், 'டிஸ்கோ ஜாஸ்' மூன்றிலும் கண்டெடுத்த பிறகு பெயர் சொல்ல ஏதோ ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. உறையின் மேல் வாசித்தவர் பெயரோ, கருவியின் பெயரோ, வருடமோ. அது இல்லையென்றால் பௌமன் யாரைத் தேடிப் போயிருப்பார்? எங்கள் ஊர்ப் பட்டு பல காலம் வேறு ஊர்ப் பெயரில் கடையில் விற்றது. புவிசார் குறியீடு வாங்கிய பிறகுதான் ஆரணிப் பட்டு என்று சொல்லச் சட்டத்தில் ஒரு பிடி கிடைத்தது. என்றாலும் புடவையில் ஊர்ப் பெயர் வரும், நெய்தவர் பெயர் வராது. அட்டை குத்தியவன் பெயர் எந்தக் காலத்திலும் வந்ததில்லை. பெயர் இல்லாத வேலையைப் பின்னால் யாரும் தேடி வர முடியாது என்பதை நான் தொழிலில் இருந்தே அறிவேன்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஆரணி, வந்தவாசி, செய்யாறு, வேலூர் என்று எங்கள் பக்கம் இன்னிசைக் குழுக்கள் ஏராளம். ஒரு காசியோ, ஒரு ரிதம் பேடு, இரண்டு பாடகர். கோயில் திருவிழாவிலும் மாதா தேர்பவனியிலும் வாசித்தார்கள். உள்ளூர் அம்மனுக்குச் சொந்தமாகப் பாட்டுக் கட்டிக் கேசட் போட்டவர்கள் உண்டு. தாளப் பெட்டியில் பம்பையையும் உடுக்கையையும் கொண்டுவர முயன்றவர்கள் உண்டு. அவை நல்ல இசையா, சுமார் இசையா என்று இப்போதே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். 1982-இல் பம்பாய் சொன்ன தீர்ப்பு 2010-இல் என்ன ஆனது என்று பார்த்தோமே.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கேசட் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஈரம் படாத, வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். வாசித்தவர் உயிரோடு இருந்தால் போய்ப் பாருங்கள். கீபோர்டு யார், தாளப் பெட்டியில் எழுதியது யார், எந்தக் கருவி, எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டு, கேசட் அட்டையிலேயே பேனாவால் எழுதி வையுங்கள். தேடி வர ஒரு குட்டிக் கம்பெனி எப்போதாவது வரும். அது வரும்போது பெயர் இருக்க வேண்டும்.